மாதா வந்த நாளில் மச்சாள் பணக்காரியானார்

என் கணவரின் மூத்த அக்கா, அதாவது என் மச்சாள், ஒரு வியாழக்கிழமை பின்னேரம் பணக்காரியானார். அதற்கு முதல் நாள் வரை அவர் ஏழை. அடுத்த நாள் விடிந்தபோதும் ஏழைதான். ஆனால் அரசாங்கத்துக்கு அந்த ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது.

நாங்கள் இருப்பது வங்காலையைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சின்னத் தெருவில். என் வீட்டுக்கும் மச்சாள் வீட்டுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலி. வேலி என்பது பேச்சுக்குத்தான். கறிச்சட்டி ஒன்று தாராளமாகப் போய்வரக்கூடிய பொட்டு அதில் உண்டு. மச்சாளின் கணவர் நோயில் போய்விட்டார். அதன் பிறகு மச்சாள் கருவாட்டு வாடியில் மீன் வெட்டிப் பிழைத்தார். சீனி வருத்தம், அந்த நீரிழிவு, காலில் புண்ணாக வந்து உட்கார்ந்ததும் உப்புத் தண்ணீரில் நிற்க முடியாமல் போனது. மிஞ்சியது பழைய அரசாங்கம் மாதாமாதம் கொடுத்துவந்த உதவிப்பணம்.

அந்தப் பணத்தில் மச்சாள் சாப்பிடவில்லை. சாப்பாடு எப்படியோ கடலிலிருந்தும் வேலிப் பொட்டிலிருந்தும் வந்தது. உதவிப்பணம் முழுக்க மகளுக்கு. அவள் பாலம் தாண்டி மன்னார் ரவுணில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கும் ரியூசனுக்கும் அது சரியாகக் காணும். அது நின்றால் அவள் படிப்பும் நிற்கும். இதைத் தெருவில் நாய் பூனை கூட அறியும்.

அப்போதுதான் புதிய ஆட்சி வந்தது. நாடு வங்குரோத்தாகிப்போனது என்று எல்லோருக்கும் தெரியும். யாரால் என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஆளும் கட்சியின் கூட்டங்களைக் கேட்டபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கப்பல் வராத துறைமுகங்களைக் கட்டியவர்களோ, ஆள் ஓடாத வீதிகளைப் போட்டவர்களோ அல்ல, எங்கள் மச்சாள்தான் நாட்டைக் கவிழ்த்தவர் போல அவர்கள் பேசினார்கள். தகுதியில்லாதவர்கள் உதவி வாங்கித் தின்றதால்தான் திறைசேரி காலியாம். இனிமேல் தகுதியானவர்களுக்கு மட்டும்தான் உதவியாம். யார் தகுதியானவர் என்பதை மனிதர் தீர்மானிக்கமாட்டார்களாம். விஞ்ஞானம் தீர்மானிக்குமாம்.

இதை எங்களுக்கு விளக்கியவர் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர். போன ஆட்சியில் அவர் போன ஆட்சிக்காரர். ஆட்சி மாறிய கிழமையே அவருக்கும் ஞானம் பிறந்துவிட்டது. நல்ல பிள்ளைதான், பொய் சொல்லக்கூடாது. கைபேசியைக் கீழே வைத்தால் மட்டும் கை நடுங்கும். எதைக் கண்டாலும் படம் எடுத்துக் கட்சிப் பக்கத்தில் போடுவார்.

"அன்ரி, முந்தி கையைத் தூக்கினவைக்கெல்லாம் குடுத்தவங்கள். இப்ப அப்பிடியில்லை. ஒரு பிள்ளை போனோட வரும். வீட்டைப் பாத்துக் கேள்வி கேக்கும். போனே கணக்குப் பண்ணிப் புள்ளி போடும். ஊழலுக்கு இடமே இல்லை," என்றார்.

"போனுக்குப் பசி தெரியுமோ தம்பி?" என்று கேட்டேன்.

"நீங்கள் எப்பவும் உப்பிடித்தான்," என்று சிரித்துவிட்டு என்னையும் ஒரு படம் எடுத்தார்.

கணக்கெடுக்கிற பிள்ளை செப்டெம்பரில் வருவதாக இருந்தது. வரவில்லை. வாகனத்துக்கு எண்ணெய் அடிக்க அனுமதி வரவில்லை என்றார்கள். வீண்செலவைக் கண்டுபிடிக்கப் போகிறவர்கள் வீண்செலவு செய்யக்கூடாது அல்லவா? நாங்களும் மறந்துவிட்டோம். ஒக்டோபர் பிறந்தது.

ஒக்டோபர் எங்களுக்குச் செபமாலை மாதம். மாதாவின் சிலையை நாங்கள் சுருவம் என்போம். அது ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குப் போய்த் தங்கும். அந்த வீட்டில் எல்லோரும் கூடிச் செபமாலை சொல்வோம். கடைசி நாள்தான் பெரிய நாள். அன்று சுருவத்தை ஒரு வள்ளத்தில் ஏற்றி முற்றத்தில் வைத்துச் சோடிப்போம். விடியற்காலையில் அப்படியே கடலுக்குக் கொண்டுபோய், ஒரு சுற்றுச் சுற்றிக் கோயிலுக்குக் கொண்டுவருவோம். கடைசி நாள் யார் வீட்டில் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். அந்த வருடம் சீட்டு மச்சாளுக்கு விழுந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாள் வீடு ஏழை வீடாக இருக்கக்கூடாது. அதற்காக ஏழைக்குச் சீட்டுக் கொடுக்காமல் விடமாட்டோம். தெருவே எழும்பி அந்த வீட்டைப் பணக்கார வீடாக்கிவிடும். அவரவர் வீட்டில் எது நல்லதோ அது அங்கே போகும். என் பிறிட்ஜ் வேலியைத் தாண்டிப் போனது, சர்பத்தும் ஐஸும் வைக்க. மூலைக் கடைக்காரரின் செற்றியும் பெரிய ரிவியும் போயின. அவருடைய மோட்டார் சைக்கிள் ஓட்டமாய் ஓடிச் சாமான் இறக்கிவிட்டு அங்கேயே நின்றது. கதிரைகள், மின்விசிறிகள், கண்ணாடி அலுமாரி ஒன்று, யன்னலுக்குப் புதுத் துணி. சம்மாட்டியார் தன் வள்ளத்தை இஞ்சினோடு உழவு இயந்திரத்தில் இழுப்பித்துக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினார். அவருக்குக் கரையில் வேறு வள்ளங்களும் உண்டு, வலைகளும் உண்டு, கடனாளிகளும் உண்டு. ஆனால் மாதாவுக்கு எப்போதும் புதியதைத்தான் கொடுப்பார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல ஏலாது.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. அரிசி முடிந்தால் எங்கள் பெண்கள் 'நிறைஞ்சு போச்சு' என்றுதான் சொல்வார்கள். வீட்டில் குறைச் சொல் புழங்கக்கூடாது. மாதா தங்கும் நாளில் அது சட்டமாகவே ஆகிவிடும். மாதா இருக்கிற வீட்டுக்காரி, வருகிறவர் எதைக் கேட்டாலும் 'இல்லை' என்று வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் அந்த வருடம் முழுக்க அந்த வீட்டில் இல்லாமை குடியிருக்கும் என்பார்கள். என் மச்சாளுக்கு இந்த மாதிரி விஷயங்களில் கோயில் சுவாமியாரை விட நம்பிக்கை அதிகம்.

அந்த வியாழக்கிழமை பின்னேரம் நான் மச்சாளின் குசினியில் கடலை அவித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பிள்ளை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றது. கழுத்தில் அட்டை, கையில் கைபேசி. முகத்தில் வெயில். நானாட்டான் பக்கம் வயல் ஊர்ப் பிள்ளை. நெற்றியில் திருநீறு. மாதாவைக் கண்டதும் கையைக் கூப்பிக் கும்பிட்டது. எண்ணெய்க்கு அன்றைக்குத்தான் அனுமதி வந்ததாம், அதுவும் ஒரே ஒரு நாளைக்காம். இருட்டுவதற்குள் தெரு முழுவதையும் முடிக்க வேண்டுமாம்.

"அம்மா, கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. கெதியா முடிச்சிடுவன்," என்றது.

மச்சாள் கதிரை போட்டு, சர்பத் கொடுத்து, எதிரில் உட்கார்ந்தார்.

"வீட்டில பிறிட்ஜ் இருக்கோ?"

"இருக்கு."

"ரிவி?"

"இருக்கு."

நான் அகப்பையோடு வெளியே வந்துவிட்டேன். "பிள்ளை, அது வந்து" என்று தொடங்கினேன். மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குக் கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து நான் பயம். போதாக்குறைக்குப் பின்னால் மாதாவும் வள்ளத்தில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடினேன்.

"மோட்டார் சைக்கிள்?"

"இருக்கு."

"வள்ளம், இஞ்சின்?"

மச்சாளே ஒரு கணம் தயங்கினார். பிறகு மாதாவைப் பார்த்துவிட்டு, "இருக்கு பிள்ளை," என்றார்.

"ஆருக்கும் நெடுங்கால வருத்தம்?"

"அதுவும் இருக்கு."

"மாத வருமானம் எப்பிடி அம்மா?"

"மாதா குறை வைக்கமாட்டா."

பிள்ளை கொஞ்ச நேரம் கைபேசியைப் பார்த்து யோசித்தது. அதில் மாதாவுக்குக் கட்டம் கிடையாது போலும். கடைசியில் 'போதுமானது' என்று எதையோ அமுக்கியது. போகும்போது முற்றத்தில் நின்று வீட்டைப் படம் எடுத்தது. கலர் லைற்றுகள், செற்றி, வள்ளம், எல்லாம் அந்தப் படத்தில் விழுந்தன. அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபமே இல்லை. கண்டதைத்தான் எழுதியது. வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி, பொழுது படுவதற்குள் முடித்தாக வேண்டும். வயல் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு எங்கள் கடைசி நாளைப் பற்றி யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அடுத்து என் வீடு. நான் குறுக்கால் ஓடிப்போய் வாசலில் நின்றேன். உள்ளே பார்த்தபோது எனக்கே பாவமாக இருந்தது. பிறிட்ஜ் நின்ற இடத்தில் ஒரு சதுரக் கறை. கதிரை ஒன்றும் கிடையாது. கவிழ்த்த வாளி ஒன்றில் பிள்ளையை இருத்தினேன்.

"பிறிட்ஜ் இருக்கோ?"

"இருக்கு. இப்ப இங்க இல்லை. பக்கத்து வீட்டில நிக்குது."

"'இருக்கு, இப்ப இங்க இல்லை' எண்டு போட இதில இடமில்லை அம்மா. கண்ணால கண்டதைத்தான் போடச் சொன்னவை."

"அப்ப இல்லை எண்டு போடு."

என் வீட்டில் மாதா இருக்கவில்லை. ஆகவே நான் தாராளமாக 'இல்லை' சொல்லலாம்.

ஊரிலேயே பெரிய வீடு சம்மாட்டியாருடையது. அவர் அந்த மாதம்தான் மேல்மாடி எழுப்புவதற்காகக் கூரையைக் கழற்றியிருந்தார். குடும்பம் பின்வளவில் தகரக் கொட்டிலில் இருந்தது. கைபேசி என்ன கேட்டதோ, கூரை இல்லாத வீடு, தகரக் கொட்டிலில் வாழும் குடும்பம் என்று பதிவாகியது. வள்ளம் உண்டா என்று பிள்ளை கேட்டபோது, "கரையில போய்ப் பாருங்கோ," என்று சம்மாட்டியார் நியாயமாகத்தான் சொன்னார். கரைக்குப் போய்ப் பார்க்க வாகனத்துக்கு எண்ணெய் காணாது.

இரண்டு மாதம் கழித்துக் அரசாங்கக் கந்தோர்ச் சுவரில் பெயர்கள் ஒட்டினார்கள். மச்சாளுக்குச் சீனியால் கண்ணும் மங்கிவிட்டது. நான்தான் வாசித்தேன். மிக வறியவர்கள் என்ற தலைப்பின் கீழ் முதலாவதாகச் சம்மாட்டியார். கொஞ்சம் கீழே நான். அதற்கும் கீழே மூலைக் கடைக்காரர். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று பார்த்தேன், மச்சாளின் பெயர் அதில் கிடையாது. பக்கத்துத் தாளில், தகுதி அற்றோர் என்ற தலைப்பின் கீழ் தனியாக நின்றது.

"என்ன, இருக்கோ?" என்று கேட்டார்.

"நீங்கள்தான் மச்சாள் எங்கட தெருவிலயே பெரிய பணக்காரி."

அவர் முதலில் சிரித்தார். நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அவர் மெல்ல, "அப்ப பிள்ளையின்ர ரியூசன்?" என்றார்.

மேன்முறையீடு செய்யலாம் என்றார்கள். மறுபடியும் கந்தோருக்குப் போனோம். அங்கிருந்த உத்தியோகத்தர் நல்ல மனுசன். எல்லாவற்றையும் கேட்டுத் தலையில் கை வைத்தார். படிவம் தாருங்கள் என்றோம். "கடதாசி முடிஞ்சுது. காசு ஒதுக்கேல்லை. இந்த ஒண்டை வெளியில போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு வாங்கோ. மற்ற ஆக்களுக்கும் சேத்து நாலு எடுத்தால் புண்ணியம்," என்றார். அரசாங்கத்தின் வீண்செலவை எங்கள் கைக்காசால் குறைத்துவிட்டு வந்தோம்.

இதற்கிடையில் எனக்கு உதவிப்பணம் வங்கியில் விழத் தொடங்கியது. நான் கேட்கவில்லை. அது எனக்குச் சேரவேண்டியதும் அல்ல. என் வீட்டிலும் நாலு வாய் இருக்கிறது, மண்ணெண்ணெய் விலையில் மனுசன் பாதி நாள் கடலுக்குப் போவதே இல்லை. ஆனாலும் அந்தப் பணத்தை நான் தொடவில்லை. வந்த அன்றே வேலிப் பொட்டால் மச்சாளுக்குப் போய்விடும். அரசாங்கம் பிழையாகக் கொடுத்ததை நான் சரியாகக் கொடுத்தேன். பொருளாதார மீட்சியில் இதுதான் என் பங்களிப்பு. மகளும் தொடர்ந்து ரவுணுக்குப் போய்வந்தாள்.

மச்சாளுக்கு மட்டும் அது தொண்டையில் முள்ளாக நின்றது. "உம்மட பேரில வாறதை நான் எத்தினை நாளைக்குத் தின்னுறது? என்ர பேரில வரவேண்டியது அது," என்பார். நியாயம்தானே.

ஒருநாள் கட்சித் தம்பி மூச்சு வாங்க ஓடிவந்தார். "அன்ரி, எங்கட கட்சிப் பெரியவர் வாறார்! கொழும்பிலயிருந்து! மேன்முறையீட்டையெல்லாம் சனத்துக்கு முன்னால, கோயில் மண்டபத்தில வச்சு விசாரிக்கப் போகினம். ஒளிவு மறைவு கிடையாது."

பெரியவர் சிக்கனத்துக்குப் பேர்போனவர். அரச வாகனம் வேண்டாம் என்று சாதாரணப் பஸ்ஸில் வந்தார். பஸ்ஸுக்கு முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு ஜீப், அதற்குப் பின்னால் பஸ்ஸில் வருவதைப் படம் எடுக்க ஒரு வான். மாலை வேண்டாம், வீண்செலவு என்றார். ஆகவே ஒரு மாலை மட்டும் போட்டார்கள். வரவேற்புக் குழுவின் தலைவராக அதைப் போட்டவர், மிக வறியவர்களில் முதலாமவரான எங்கள் சம்மாட்டியார். எந்த ஆட்சி வந்தாலும் மாலை போடும் கை அவருடையதுதான். கை மாறாது, கழுத்துத்தான் மாறும்.

பெரியவர் சிங்களத்தில் பேச, தம்பி தமிழில் சொன்னார். ஒவ்வொரு ரூபாயும் மக்களின் ரூபாய் என்றார். தகுதியில்லாதவன் வாங்கும் ஒவ்வொரு உதவியும் ஏழையின் வயிற்றில் அடிப்பது என்றார். சம்மாட்டியார்தான் முதலில் கைதட்டினார்.

கந்தோர் உத்தியோகத்தர் எழும்பி மச்சாளின் பெயரை வாசித்தார். மச்சாள் புண் காலை இழுத்துக்கொண்டு முன்னால் போனார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு போனாள், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு.

"அம்மா, உங்கட பதிவில பிறிட்ஜ், ரிவி, செற்றி, மோட்டார் சைக்கிள், இஞ்சின் வள்ளம் எல்லாம் இருக்கு. இதுகள் உங்கட இல்லையெண்டால், ஆற்ற எண்டு ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ. நான் மாத்துறன்," என்றார் உத்தியோகத்தர்.

மச்சாள் ஒவ்வொன்றாகச் சொன்னால் தெருவில் பாதி வீடு பட்டியலிலிருந்து விழும். சொல்லாவிட்டால் அவர் விழுவார். இரவல் கொடுத்தவர்களைக் காட்டிக்கொடு என்று ஊரைக் கூட்டி வைத்துக் கேட்பதற்கு வெளிப்படைத்தன்மை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெரியவரின் மாலையைப் பிடித்து இழுக்கவேண்டும் போல இருந்தது.

மச்சாள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஐயா, நான் ஒரு பேரும் சொல்லமாட்டன்," என்றார். "அரசாங்கம் போன் வச்சுப் பாத்து எழுதினது பொய்யாய் இருக்காது. வள்ளமும் இஞ்சினும் என்ர எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள். சரி, நான் ஏற்கிறன். எனக்கு உதவி வேண்டாம். அந்த வள்ளத்தை எடுத்துத் தாங்கோ. நாளைக்கே வித்துப் பிள்ளையைப் படிப்பிக்கிறன்."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். தம்பி இதைப் பெரியவருக்குச் சிங்களத்தில் சொன்னார். பெரியவருக்கு நியாயமாகப் பட்டது போல, தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல்தான் சம்மாட்டியாரின் உயிரைப் பிடித்து உலுக்கிவிட்டது. ஆட்சிக்காரர் தலையாட்டினால் என்னென்ன கைமாறும் என்று அவருக்குத் தெரியாததா?

"என்ன கதை இது!" என்று கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "அது என்ர வள்ளம்! பதிஞ்ச வள்ளம்! இன்னும் நாலு கரையில நிக்குது, வந்து பாருங்கோ!"

உத்தியோகத்தர் கைபேசியைப் பார்த்தார். "ஐயா, உங்கட பதிவில வள்ளம் ஒண்டும் இல்லையே."

"கரையில போய்ப் பாக்கச் சொன்னனான்தானே!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. மச்சாள் சிரிக்கவில்லை. "செற்றியும் ரிவியும் என்ர. மோட்டார் சைக்கிளும் என்ர. பின்னேரம் ஆள் அனுப்பி எடுப்பிக்கிறன்," என்றார். மூலைக் கடைக்காரர், "ஐயோ அக்கா, அது கடையை ஈடு வச்சு எடுத்தது!" என்று அலறினார்.

"பிறிட்ஜும் என்ர."

நான் எழும்பிவிட்டேன். சத்தியமாக யோசிக்கவில்லை. "மச்சாள்! அது நான் சீட்டுப் போட்டு வாங்கினது!" என்று என் வாயே கத்தியது. கத்தி முடித்த பிறகுதான் அவருடைய உதட்டோரத்துச் சிரிப்பைக் கண்டேன். அவர் என்னிடம் கூட ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. சொல்லியிருந்தால் நான் இவ்வளவு நன்றாகக் கத்தியிருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். என் மச்சாளை நினைத்து எனக்கு அன்று வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

பிறகு தெருவே எழும்பி நின்றது. மின்விசிறி என்னுடையது, அலுமாரி என்னுடையது, கதிரை என்னுடையது என்று ஆளுக்காள் கையைத் தூக்கினார்கள். உத்தியோகத்தரின் விரல் ஓயாமல் அமுக்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு வீடு பட்டியலிலிருந்து விழுந்தது. பெரியவர் எழும்பிக் கைதட்டினார். ஒரே காலையில் இத்தனை தகுதியற்றவர்கள் தாங்களாகவே விலகியதை வேறெங்கும் கண்டதில்லை, இந்த ஊர் நாட்டுக்கே முன்மாதிரி என்றார். தம்பி படம் எடுத்துக் களைத்தார்.

சத்தம் அடங்கியதும் மச்சாள் கேட்டார்: "அப்ப இப்ப என்னட்ட ஒண்டும் இல்லைத்தானே. என்ர பேரைப் போடுங்கோ."

உத்தியோகத்தர் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"அம்மா, ஆக்களை வெட்டுறதை நாங்கள் இங்கயே செய்யலாம். சேக்கிறதுக்கு மேலயிருந்து அனுமதி வேணும். இந்த வருசத்துக்குப் புதுசா ஒருத்தரையும் சேக்கவேண்டாம், செலவு கூடக்கூடாது எண்டு சுற்றுநிருபம் வந்திருக்கு."

"இவ்வளவு பேரை வெட்டினீங்களே. அந்தக் காசு?"

"அது திறைசேரிக்கு. மிச்சம்."

மச்சாள் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தம்பியைப் பார்த்தார். தம்பி மொழிபெயர்க்கவில்லை. அடுத்த பெயரை வாசித்தார்கள்.

அந்த மாதத்திலிருந்து என் பணமும் நின்றது. வேலிப் பொட்டால் கறி போனது, மீன் போனது. பஸ் காசு போகவில்லை, போக வழியும் இல்லை. ரியூசன் வாத்தியார் ஒரு மாதம் பொறுத்தார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. சம்மாட்டியார் கோபம் ஆறி, வாடியில் அவளுக்கு ஒரு வேலை தரலாம் என்று ஆள் அனுப்பினார். அவள் மாட்டேன் என்றாள். பிறகு ஒரு நாள் என்னிடம் வந்து, "மாமி, காமென்ற்ஸில உடுப்புத் தைக்க ஆள் எடுக்கினமாம். அம்மாட்ட நீங்கள் சொல்லுங்கோ," என்றாள். நான் அவளைத் திட்டினேன். பரீட்சைக்கு எவ்வளவு நாள் கிடக்கு என்று கேட்டேன். கடைசியில் மச்சாளிடம் நான்தான் போய்ச் சொன்னேன்.

தொழிற்சாலை பஸ் விடியப்புறம் சந்திக்கு வரும். அவள் முதல் நாள் ஏறியபோது கட்சித் தம்பியும் அங்கே நின்றார். நல்ல பிள்ளைதான், ஒரு வேலைக்கு ஆள் சேர்ந்தால் அவருக்கு உண்மையிலேயே சந்தோசம். அன்று காலையே கட்சிப் பக்கத்தில் படம் வந்துவிட்டது. நான் கைபேசியை எடுத்துக்கொண்டு வேலியால் குனிந்து போனேன். மச்சாள் அடுப்படியில் இருந்தார்.

"என்ன போட்டிருக்கிறான்? வாசியும்," என்றார்.

வாசித்தேன். உதவியை நம்பியிராமல் உழைப்பை நம்பிப் புறப்படும் புதிய தலைமுறை என்று எழுதியிருந்தது. கீழே நிறையப் பேர் வாழ்த்தியிருந்தார்கள்.

மச்சாள் கைபேசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார், தள்ளிப் பிடித்தார். ஒன்றும் தெரியவில்லை. என்னிடமே திருப்பித் தந்தார்.

"அவள் அழுதது படத்தில தெரியுதோ?" என்று கேட்டார்.

"தெரியேல்லை மச்சாள்," என்றேன்.

நன்றாகத் தெரிந்தது.